அழைப்பு வராத வீடுகள்: மியன்மார் இராணுவத்தில் ரோஹிங்யா இளைஞர்கள்

மியன்மார் யுத்தம் பற்றி நமக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் எந்த ஊர் வீழ்ந்தது, எத்தனை பேர் படகில் புறப்பட்டார்கள் என்பதோடு முடிந்துவிடுகின்றன. பலவந்தமாகச் சீருடை அணிவிக்கப்பட்ட ஓர் இளைஞன், தான் உயிரோடு இருப்பதை வீட்டுக்கு அறிவிக்க வழி உண்டா என்பதை எவரும் கேட்பதில்லை. இது சிறிய கேள்வி போலத் தெரியலாம். ஆனால் ரோஹிங்யா மக்களின் இன்றைய நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கேள்வி வேறில்லை.

2023 ஒக்டோபருக்குப் பின்னர் மியன்மார் இராணுவம் அடுத்தடுத்து முகாம்களையும் நகரங்களையும் இழந்தது. படையில் ஆள் குறைந்தது. 2010இல் இயற்றி, நடைமுறைப்படுத்தாமல் வைத்திருந்த கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை 2024 பெப்ரவரி 10ஆம் திகதி அமுலுக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயது வரையான ஆண்களும் 18 முதல் 27 வயது வரையான பெண்களும் இதற்குள் அடங்குவர். சேவைக்காலம் இரண்டு ஆண்டுகள். அவசரகாலத்தில் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டலாம்.

இந்தச் சட்டம் குடிமக்களுக்கானது. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் ரோஹிங்யாக்களோ குடிமக்களாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அப்படியிருந்தும் ராக்கைன் மாநிலத்தின் கிராமங்களிலும், 2012 முதல் அவர்கள் அடைத்துவைக்கப்பட்டுள்ள முகாம்களிலும் இளைஞர்கள் பிடிக்கப்பட்டார்கள். 2024 பெப்ரவரி முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா ஆண்களும் சிறுவர்களும் கடத்திச் செல்லப்பட்டு அல்லது பலவந்தமாகப் படையில் சேர்க்கப்பட்டதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் அதே ஆண்டு ஏப்ரலில் தெரிவித்தது. இரவுச் சுற்றிவளைப்பு, கைதாவாய் என்ற மிரட்டல், குடியுரிமை தருவதாக ஒரு பொய் வாக்குறுதி, இரண்டு வாரப் பயிற்சி, பிறகு போர்முனை. இதுதான் அந்த அறிக்கை காட்டும் ஒழுங்கு.

பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் பிள்ளைகளின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பங்களைச் சேர்த்து அனுப்புவது எங்களுக்கு வழமையான வேலை. புகைப்படம் சரியில்லை, பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை என்று அலுத்துக்கொண்டே அதைச் செய்கிறோம். நம் பிள்ளைக்கு அதிபரின் கையொப்பத்தோடு வந்துசேரும் அட்டையை, அங்கே ஒரு பிள்ளை துப்பாக்கி தூக்கினால் தருவோம் என்கிறார்கள். அவன் இறந்தால் அந்த அட்டை யாருக்கு?

ஒரு ரோஹிங்யா குடும்பத்தின் இருப்பிடம் இன்று ஒரு நாட்டில் இல்லை. 2017 ஓகஸ்டுக்குப் பின்னர் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். வாப்பா கொக்ஸ் பஸார் முகாமில், நானா மலேசியாவில், உம்மாவும் இளையவனும் ராக்கைனில் என்று சிதறியிருக்கும் குடும்பத்தைக் கட்டி வைத்திருப்பது கைப்பேசி ஒன்றுதான். கட்டார், சவூதியில் மகன் இருக்கும் வீடுகளுக்கு இது விளங்கும். இரண்டு நாள் வட்ஸ்அப்பில் குரல் வராவிட்டால் உம்மாவுக்குச் சோறு இறங்காது. ராக்கைனில் 2023 நவம்பரில் போர் மீண்டும் மூண்ட பின்னர் பல பகுதிகளில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. பிடித்துச் செல்லப்பட்டவனின் கையில் கைப்பேசி இருந்தாலும் மறுமுனையில் அழைப்பு மணி அடிக்காது.

படையில் கைப்பேசிக்குக் கட்டுப்பாடு எங்கும் உள்ளதுதானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கைப்பேசி ஒரு முகாமின் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கலாம். 2023 புத்தாண்டு இரவில் மகீவ்காவில் 89 ரஷ்யப் படையினர் கொல்லப்பட்டபோது, வீரர்கள் கைப்பேசி பாவித்ததே முக்கிய காரணம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சே கூறியது. ஆனால் கட்டுப்படுத்துவது வேறு, துண்டிப்பது வேறு. கட்டாய சேவை உள்ள தென் கொரியாவில், கடமை நேரம் முடிந்த பின் வீரர்கள் கைப்பேசி பாவிக்க 2019 முதல் அனுமதி கிடைத்தது. அங்கே பிள்ளையை எடுக்கும் அரசு, பெற்றோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது. மியன்மார் இராணுவம் அந்தப் பெற்றோரையே தன் மக்களாக ஏற்கவில்லை. எனவே யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறது.

இந்த மௌனம் இன்னொரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. இந்த இளைஞர்கள் நிறுத்தப்பட்டது ராக்கைன் பௌத்தர்களின் அரக்கான் இராணுவத்துக்கு எதிராக. மகன் விரும்பிப் போனானா, இழுத்துச் செல்லப்பட்டானா என்று அயலவருக்குத் தெரியாது. அவன் சொல்லவும் வழியில்லை. இதனால் முழுச் சமூகமும் இராணுவத்தின் கையாளாகப் பார்க்கப்பட்டது. 2024 மே மாதம் புத்திடவுங் எரிந்து, பல்லாயிரம் ரோஹிங்யாக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள்.

செய்தி தெரியாமல் இருப்பது என்னவென்று இந்த நாட்டில் நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990இல் குருக்கள்மடத்தில் காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் காத்தான்குடியிலும் அயலூர்களிலும் இன்னமும் இருக்கின்றன. வடக்கில் தாய்மார் 2017 முதல் வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்திருக்கிறார்கள். இந்த இரு தரப்புத் துயரமும் ஒன்றே என்பதை 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் மக்கள் காட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களோடு படகு கரையொதுங்கியபோது முதலில் உணவும் தண்ணீரும் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அதற்கடுத்த மாதமே அந்த அகதிகளைத் திருப்பி அனுப்புவது பற்றி அரசு தரப்பில் பேசப்பட்டது. அவர்களில் இளைஞர்களும் இருந்தார்கள். கட்டாயப் படைச் சேர்ப்பு நடக்கும் நாட்டுக்கு ஓர் இளைஞனை அனுப்புவது, அவனைப் போர்முனைக்கு அனுப்புவதற்குச் சமம். ஐ.நா. அகதிகள் முகவரகமும் தன் கொழும்பு அலுவலகத்தை 2024 முடிவோடு மூடிவிட்டது. ஆகவே பொறுப்பு நம்மிடமே உள்ளது.

நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் ஜம்இய்யத்துல் உலமாவும் சிவில் அமைப்புகளும் கேட்க வேண்டியவை மூன்று. இங்கு வந்தவர்களை மியன்மாருக்கு அனுப்பக்கூடாது. அவர்களைச் சந்திக்க மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தடையற்ற அனுமதி வேண்டும். அவர்கள் தம் குடும்பத்தாரோடு பேச ஒழுங்கான வசதி வேண்டும். தொலைபேசி எட்டாத இடத்துக்குச் செஞ்சிலுவைச் சங்கம் குடும்பக் கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் முறை உண்டு. நமது யுத்தக் காலத்திலும் அந்தக் கடிதங்கள் பலருக்கு வந்துசேர்ந்தன.

ராக்கைனில் யுத்தத்தை நிறுத்தும் பலம் நமக்கில்லை. ஆனால் நம் கரைக்கு வந்துசேர்ந்த ஒரு பிள்ளை, "உம்மா, நான் இருக்கிறேன்" என்று ஒரு நிமிடம் பேசுவதற்கு வழி செய்ய நம்மால் முடியும்.