தோழர்களே, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள்!

கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தோழர்களே!

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. மேஸ்திரிகள் கணக்கு முடித்துப் பணம் கொடுப்பார்கள். அதில் எவ்வளவு வீட்டுக்குப் போகும், எவ்வளவு கடைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அதை அடுத்துக் கார்த்திகை பிறக்கும். நம் ஆட்களில் பலர் மாலை போட்டு ஒரே நாளில் குடியை நிறுத்துவார்கள். இந்த இரண்டு தேதிகளுக்கும் முன்னால் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். குடியிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ வெளியே வர முடியாமல் தவிக்கும் தோழர் எந்தக் கிளையில் இருந்தாலும், அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாமே அழைத்துப் போக வேண்டும். முகவரி சொல்லி அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது சங்க வேலை ஆகாது.

ஆளைத் தேட வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குக் கரண்டி பிடித்த கை நடுங்குகிறது. ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நிற்கிறது. அரசுக் கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன் எந்தச் சந்தில், எவ்வளவு கூடுதல் விலைக்குக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அவரைப் பார்த்துக் 'கொழுப்பெடுத்துப் போய்க் குடிக்கிறான்' என்று சொல்வதை இன்றோடு விடுங்கள். நடுக்கத்தை அடக்கக் குடிக்கிறவரிடம் என்ன கொழுப்பு இருக்கிறது? குடி அடிமை நிலை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் உள்ள நோய். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாம், இவரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்து போகிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடேயே ஆளைக் கொன்றுவிட முடியும். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, குடியை வைத்தே நரம்புகளைச் சமன்படுத்திக்கொண்டிருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத மேஸ்திரியோடு பேசுவார், கட்டியவளையே அடையாளம் தெரியாது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு வந்தவரைப் பார்த்துச் 'சாமி குத்தம்' என்று பதறுகிறார்களே, அது இதுதான். கோயிலில் கயிறு கட்டி நிறுத்துகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு. கயிறு கட்டட்டும், மாலை போடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அந்த மன உறுதி பெரிய சொத்து. ஆனால் அதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்கட்டும். மருத்துவமனையில் டயஸிபாம், லோராஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் இந்தக் கண்டம் தாண்டிவிடும்.

குழம்பில் கலந்து கொடுக்கும் மாத்திரையைப் பற்றியும் நம் பெண் தோழர்களிடம் பேசுங்கள். டைசல்ஃபிரம் என்கிற அந்த மாத்திரை நல்ல மருந்துதான். ஆனால், அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து சாகவும் நேரும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டியது அது.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வு, குடி அடிமை நிலையில் இருப்பவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார் என்றது. படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெறுகிறவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேர் எங்கே? நம்மோடு சிமெண்ட் சட்டி சுமக்கிறார்கள். ஏன் போகவில்லை என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெட்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பத்து நாள் கூலி. அவர் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. இதற்கு மருத்துவமனையில் மருந்து கிடையாது, சங்கத்தில்தான் உண்டு. ஒவ்வொரு கிளையும் சந்தாப் பணத்திலிருந்து பத்து நாள் அரிசியும் மளிகையும் ஒதுக்க வேண்டும். துணைக்கு இருக்கும் தோழருக்கு அன்றைய கூலியில் பாதியாவது தர வேண்டும். இதை மாநாட்டில் தீர்மானமாக நிறைவேற்றலாம் என்று யாராவது சொன்னால், மாநாடு தை மாதம்தான் என்று நினைவுபடுத்துங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களைத் திறந்தது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. தொண்டு நிறுவனம் என்றால், குடியால் கணவரை இழந்த பிறகு 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ கூப்பிடுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அரசு ஆஸ்பத்திரி என்றால் முகம் சுளித்து, தாலியை அடகு வைத்துத் தனியார் 'மறுவாழ்வு இல்லத்தில்' தள்ளிவிட்டு வருகிறார்கள். ஒழுங்காக நடத்துகிற இல்லங்களும் இருக்கின்றன. ஆனால் நடு ராத்திரி வேனில் நான்கு பேர் வந்து ஆளைத் தூக்கிப்போய், அடித்து, பூட்டி, மூன்று மாதம் வீட்டாரைப் பார்க்க விடாமல் வைத்திருக்கும் இடத்துக்குச் சிகிச்சை என்று பெயர் வைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள், 28 உயிர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. குடி, போதை நோய்க்கும் அந்தச் சட்டம் பொருந்தும். விருப்பமில்லாதவரைச் சேர்க்க அண்ணன் தம்பி கையெழுத்து மட்டும் போதாது. மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள் வரைதான். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், டாக்டர் எப்போது வருவார் என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் ஆளை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

அடுத்தது வெளிநாடு. பணக்கார வீட்டுப் பிள்ளைகளைக் கடல் தாண்டிய சிகிச்சை மையங்களுக்கு அனுப்புகிறார்கள். அது நமக்கான பேச்சல்ல. நம் வீடுகளில் வேறு வைத்தியம்: 'சவுதிக்கு அனுப்பிவிட்டால் திருந்திவிடுவான், அங்கே சரக்கே கிடையாது.' ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி, குடியோடு விமானம் ஏற்றுகிறார்கள். போய் இறங்கிய இரண்டாம் நாள், மொழி தெரியாத ஊரில், கேம்ப் கட்டிலில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பது? தடை உள்ள நாட்டில் சரக்கு இல்லாமலும் இல்லை. 2025 ஆகஸ்டில் குவைத்தில் கள்ளச்சாராயம் குடித்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருபது பேருக்கும் மேல் செத்தார்கள், பலருக்குக் கண் போயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அதே மெத்தனால்தான். பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கும் தோழர் முதலில் இங்கே சிகிச்சையை முடிக்கட்டும், பிறகு டிக்கெட் போடட்டும்.

இளந்தோழர்களைப் பற்றி. கம்பி கட்டும் பையன்கள் சிலர் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். 'போலீஸ் பிடித்துக்கொள்ளும்' என்று பயந்தே ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு வைத்திருந்து மாட்டியவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. வழக்கே இல்லாதவர் எதற்குப் பயப்பட வேண்டும்? அபின் வகை போதைக்கு நாக்கின் அடியில் கரைக்கும் புப்ரனார்பின் மாத்திரை உண்டு. ஒரே ஊசியைப் பலர் போட்டிருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை சோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

'கடையை மூடு என்று போராடாமல், குடிகாரனுக்குத் துணைக்குப் போகச் சொல்கிறாயே' என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டாஸ்மாக் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்குத் தருகிறது. அந்தப் பணம் யார் சட்டைப்பையிலிருந்து போகிறது என்று நாம் கேட்டே ஆக வேண்டும், கேட்போம். ஆனால் நாளைக்கே எல்லாக் கடையும் மூடினாலும், இந்தத் தோழருக்கு நாளை மறுநாள் வலிப்பு வரும். அவருக்குப் படுக்கை வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது. மாத்திரை தூக்கம் தரும், ஆகவே டாக்டர் சரி என்று சொல்லும் வரை சாரத்தில் ஏற்றாதீர்கள்; கீழே கலவை, க்யூரிங் வேலை கொடுக்கும்படி மேஸ்திரியிடம் பேசுங்கள். சனிக்கிழமைக் கூலியைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் பலருக்கு உதவும். குடியை விட்டவர்களே கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, கட்டணமில்லை. மறுபடி குடித்துவிட்டால், மறுபடி அழைத்துப் போங்கள். சர்க்கரை ஏறியவரை நாம் கூட்டத்தில் நிறுத்தித் திட்டுவதில்லை.

வருகிற ஞாயிறு கிளைக் கூட்டத்தில் முதல் பொருள் இதுதான். பெயரைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள், செயலாளரிடம் தனியே சொல்லுங்கள். திங்கள் காலை ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஆதார், பழைய மருந்துச் சீட்டு, இரண்டு மாற்றுத்துணி போதும். அவர் கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.