நாலு மணிக்கு அடிக்காத அலாரம்!

விடியற்காலை மணி நாலு.

உளுந்தூர்பேட்டை தூங்குவதே இல்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் வண்டிகள் ஒரு பக்கம் ஓடுகின்றன. சேலம் சாலையில் திரும்பும் வண்டிகள் இன்னொரு பக்கம் ஓடுகின்றன. டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது.

அந்த நேரத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

மகனுக்கு அன்று சென்னையில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. காலை 10 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சென்னை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நாலரை மணிக்குள் பஸ் ஏறினால்தான் போய்ச் சேர முடியும்.

இரவே பையன் செல்போனில் அலாரம் வைத்தான். "போன் எழுப்பிவிடும். நீ தூங்கும்மா" என்று தாயிடம் சொன்னான்.

போன் எழுப்பவில்லை. தாய் கண் விழித்தபோது மணி ஆறு!

"ஐயோ தம்பி, பொழுது விடிஞ்சிடுச்சுடா!" என்று அலறினாள். பையன் எழுந்தான். போனைப் பார்த்தான். அலாரம் வைத்தது வைத்தபடியே இருந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. வேலை போயிற்று.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் இந்தக் கஷ்டம் கற்பனை அல்ல. எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது இது.

ஏன் இப்படி நடக்கிறது? போன் பொய் சொல்லுமா?

அன்று எழுப்பியவர் யார்?

முன்பு நம்மை எழுப்பியது சேவல். கோவில் மணி எழுப்பியது. ஆலைச் சங்கு எழுப்பியது. "எழுந்திருங்க அண்ணே" என்று பக்கத்து வீட்டுக்காரரும் எழுப்பினார்.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கையில் நீளமான கழியுடன் விடியற்காலையில் தெருத் தெருவாகப் போவார்கள். மாடி ஜன்னலைத் தட்டுவார்கள். தொழிலாளி எழுந்து ஆலைக்குப் போவார். தட்டியவருக்கு வாரம் தோறும் கூலி உண்டு!

பிறகு டைம்பீஸ் வந்தது. இரவு படுக்கும்முன் அப்பா சாவி கொடுப்பார். முள்ளைத் திருப்பி வைப்பார். காலையில் அது வீட்டையே கிடுகிடுக்க வைக்கும். அதற்குத் தெரிந்த வேலை இரண்டே இரண்டு. ஒன்று, மணி காட்டுவது. இன்னொன்று, மணி அடிப்பது.

செல்போன் அப்படி அல்ல. அதுவே தபால்காரர். அதுவே சினிமாக் கொட்டகை. அதுவே காமிரா. அதுவே பாங்கி. இத்தனைக்கும் நடுவே நம்மை எழுப்பும் வேலையையும் அதன் தலையில் கட்டிவிட்டோம்.

தொல்லை தொடங்கும் இடம் இதுதான். இத்தனை வேலை செய்தால் பாட்டரி தாங்குமா? தாங்காது. ஆகவே போனைச் செய்கிறவர்கள் ஒரு வழி கண்டார்கள். சும்மா கிடக்கும் நேரத்தில் போனுக்குள் இருக்கும் செயலிகளைத் தூங்க வைக்கிறார்கள். 2015ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது.

போனோடு வரும் கடிகாரத்தின் அலாரத்துக்கு விலக்கு உண்டு. அது தூங்காது. ஆனால் நாமே புதிதாக ஏற்றிக்கொள்ளும் செயலிகளுக்கு அந்தச் சலுகை எப்போதும் கிடைப்பதில்லை.

2023ல் வந்த ஆண்ட்ராய்டு 14ல் கட்டுப்பாடு இன்னும் கூடியது. புதிதாக ஏற்றும் பல செயலிகள் குறித்த நொடியில் மணி அடிக்க வேண்டுமானால், நாம் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். மாத்திரை சாப்பிட நினைவூட்டும் செயலி ஒன்றைத் தாத்தாவுக்காக ஏற்றுகிறீர்கள். அனுமதி கொடுக்க மறந்தால்? மாத்திரை நேரம் தவறிப் போகலாம்.

கம்பெனியே ஒப்புக்கொண்டது!

"விலை குறைந்த போனில்தான் இந்தத் தொல்லை" என்று சிலர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை!

2011ஆம் ஆண்டு புத்தாண்டு நாள். உலகில் பல நாடுகளில் ஐபோன் வைத்திருந்தவர்கள் அயர்ந்து தூங்கினார்கள். ஒரே ஒரு முறை அடிக்கும்படி வைத்த அலாரங்கள் ஜனவரி 1, 2 தேதிகளில் அடிக்கவில்லை! 3ஆம் தேதி முதல் சரியாகிவிடும் என்று ஆப்பிள் கம்பெனி சொன்னது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு இன்னொரு கூத்து நடந்தது. ஐரோப்பிய நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். குளிர்காலம் வந்ததும் பின்னே தள்ளுவார்கள். 2010ல் அப்படிப் பின்னே தள்ளியபோது, தினமும் அடிக்கும்படி வைத்த ஐபோன் அலாரங்கள் ஒரு மணி நேரம் தாமதமாக அடித்தன. நம் நாட்டில் கடிகாரத்தைத் தள்ளும் வழக்கம் இல்லை. அதனால் அந்தத் தொல்லை நமக்கு வரவில்லை.

2024 ஏப்ரல் கடைசியில் மறுபடியும் புகார் எழுந்தது. சில ஐபோன்களில் அலாரம் சத்தம் இல்லாமல் போகிறது என்பதை ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. சரி செய்து வருவதாகவும் சொன்னது.

இதிலிருந்து தெரிவது என்ன? விலை உயர்ந்த போனும் தவறலாம். போனுக்குள் இருக்கும் கணக்கை எழுதியவரும் மனிதர்தான்.

நம் கை செய்யும் தவறு

ஆனால் எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போட முடியாது. பல வீடுகளில் போன் ஊமையாவதற்கு நாமேதான் காரணம். என்ன காரணங்கள்?

முதல் காரணம், சத்தம். ஆண்ட்ராய்டு போனில் பாட்டுக்கு ஒரு சத்தம். அழைப்புக்கு ஒரு சத்தம். அலாரத்துக்குத் தனியாக ஒரு சத்தம். ஒன்றைக் கூட்டினால் மற்றது கூடாது. "சினிமாப் பாட்டு ஊரே கேட்கிறதே!" என்று நம்பி ஏமாறக் கூடாது. அமைப்புகளில் 'ஒலி' என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே அலாரத்தின் அளவைப் பாருங்கள். ஐபோனில் பொதுவாக அழைப்பு மணியின் சத்தம் குறைந்தால் அலாரமும் குறையும்.

இரண்டாவது காரணம், 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற கட்டளை. இரவில் யாரும் கூப்பிடாமல் இருக்க இதைப் போடுகிறோம். சில போன்களில் இது அலாரத்தையும் சேர்த்து அடக்கிவிடும். அந்தக் கட்டளைக்குள் 'அலாரங்கள்' என்ற வரி இருக்கும். அதற்கு அனுமதி கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது காரணம், காலையும் மாலையும். ஏ.எம். என்றால் நள்ளிரவு முதல் நண்பகல் வரை. பி.எம். என்றால் நண்பகல் முதல் நள்ளிரவு வரை. நாலு மணி பி.எம். என்று வைத்தால் மாலையில்தான் அடிக்கும்! 24 மணிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். அப்போது விடியற்காலை நாலு என்பது 04:00. மாலை நாலு என்பது 16:00.

நான்காவது காரணம், கிழமை. திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்த அலாரம் ஞாயிற்றுக்கிழமை அடிக்காது. பரீட்சை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் தனியாக வைக்க வேண்டும்.

ஐந்தாவது காரணம், சார்ஜ். பாட்டரி தீர்ந்து அணைந்த போன், பெரும்பாலும் அலாரம் அடிக்காது. சார்ஜர் செருகினால் போதாது. சுவிட்சைப் போட்டோமா என்றும் பார்க்க வேண்டும்.

ஆறாவது காரணம், பேரப் பிள்ளைகள்! விளையாடக் கொடுத்த போனில் எதை அழுத்தினார்கள் என்று யாருக்குத் தெரியும்? படுக்கப் போகும்முன் ஒரு முறை பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. தூக்கக் கலக்கத்தில் நாமே அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறோம். காலையில் "அடிக்கவே இல்லை" என்கிறோம். பாவம், போன் என்ன செய்யும்?

இரண்டு நிமிடச் சோதனை

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க மெக்கானிக்கைத் தேட வேண்டாம். வீட்டிலேயே பார்க்கலாம்.

இப்போது என்ன மணி? அதிலிருந்து இரண்டு நிமிடம் தள்ளி ஓர் அலாரம் வையுங்கள். போனைப் பூட்டிக் கீழே வையுங்கள். காத்திருங்கள்.

அடித்தால், ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. கோளாறு கிழமையிலோ, ஏ.எம்., பி.எம்.மிலோ, இரவுக் கட்டளையிலோ இருக்கலாம்.

திரையில் அலாரம் தோன்றி, சத்தம் மட்டும் வரவில்லையா? சத்த அளவைப் பாருங்கள். அலாரத்துக்கு வைத்த பாட்டை யாராவது அழித்துவிட்டார்களா என்று பாருங்கள். போனோடு வந்த மணியையே வைத்துவிடுவது மேல்.

திரையிலும் தோன்றவில்லையா? போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்திருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு மறுபடியும் சோதனை செய்யுங்கள்.

கடைசியாக, இரவில் போனை எப்படி வைப்பீர்களோ, அதே மாதிரி வைத்து ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

மலையிலும் அடிக்கும்

"எங்கள் ஊரில் சிக்னல் இல்லை. அலாரம் அடிக்குமா?" என்று சிலருக்குச் சந்தேகம்.

அடிக்கும்! அலாரத்துக்கு சிக்னல் வேண்டாம். இன்டர்நெட் வேண்டாம். கடிகாரம் போனுக்குள்ளேயே ஓடுகிறது. கல்வராயன் மலையில் சிக்னல் எட்டாத இடத்திலும் அது அடிக்கும். வேண்டியது சார்ஜ் மட்டுமே. மழைக் காலத்தில் கரண்ட் போகும் இரவுகளில்தான் கவனம் தேவை. சாயங்காலமே சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

இது பஸ் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் உள்ள கவலை அல்ல. மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில், மோட்டார் போட விவசாயி நடுநிசியில் எழுகிறார். அலாரம் தவறினால் அன்றைய தண்ணீர் போச்சு. பயிர் காயும். பால் கறக்கிறவர், பூக் கட்டுகிறவர், முதல் ஷிப்டுக்குப் போகிறவர், எல்லோருடைய கூலியும் அந்தச் சின்ன மணியில் தொங்குகிறது.

ஒரே காவல்காரன் போதாது

ஆகவே என்ன செய்யலாம்?

சாதாரண நாளுக்குப் போன் போதும். பரீட்சை, நேர்முகத் தேர்வு, ஆஸ்பத்திரி, ரயில் பயணம் என்று முக்கியமான நாள் வந்தால் ஒரே போனை நம்பாதீர்கள். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு அலாரம் வையுங்கள். வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதிலும் வையுங்கள். பழைய டைம்பீஸ் பரணில் கிடந்தால் இறக்கித் துடையுங்கள். பாட்டரி போன் தூங்கினாலும், சாவி கொடுத்த கடிகாரம் தூங்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

அந்தப் பையன் தாயிடம் என்ன சொன்னான்? "போன் எழுப்பிவிடும். நீ தூங்கும்மா" என்றான். "நாலு மணிக்கு என்னையும் ஒரு குரல் கூப்பிடும்மா" என்று சொல்லியிருந்தால்?

மூன்றரைக்கே அவள் எழுந்திருப்பாள். பெற்ற தாய்க்கு அலாரம் எதற்கு?