பன்னிரண்டாவது ஆட்டக்காரர்

2025 ஜூலையில் யுனெஸ்கோக்காரர்கள் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பாக்கி ஒன்று எங்கள் செஞ்சி. அதாவது டீம் பதினொரு பேர். நாங்கள் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்! டவலும் தண்ணீர் பாட்டிலும் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆசாமி. இருந்தால் என்ன, லிஸ்ட்டில் பெயர் இருக்கிறதே! ஊரே ஒரு வாரம் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தது.

அந்த மிதப்பில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் அந்தக் கேள்வி கிளம்பியது.

"யுனெஸ்கோவே நம்மள சேத்துக்கினான். டி.என்.பி.எல்.ல மட்டும் ஏன் சார் நமக்கு ஒரு டீம் இல்ல?"

கேட்டவர் டீக்கடைக்காரர். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ரிட்டயரான பி.டி. சார் ஒருவர், மொபைல் கடைப் பையன் ஒருவன், என் அக்கா மகன், அப்புறம் அடியேன்.

நியாயமான கேள்விதான். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் எட்டு டீமோடு ஆரம்பித்தது. பத்தாண்டு கழித்தும் எட்டுதான். ஐ.பி.எல். மட்டும் 2022-ல் எட்டிலிருந்து பத்தானது. அதற்காக 2021-ல் ஏலம் விட்டபோது லக்னோ டீம் 7,090 கோடிக்குப் போனது. அகமதாபாத் டீம் 5,625 கோடிக்கு. நான் இந்தக் கணக்கைச் சொன்னதும் டீக்கடைக்காரருக்கு என்ன ஞாபகம் வந்ததோ, "சார், உங்க பாக்கி நாப்பத்தெட்டு ரூவா" என்றார்.

சரி, டி.என்.பி.எல்.லில் இன்னும் இரண்டு டீம் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த ஊர்?

மொபைல் கடைப் பையன், "வேலூர்" என்றான். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று ஏற்கெனவே அந்த ஊருக்குப் பெயர். டீமும் இல்லாத ஊர் என்று ஏன் சேர்க்க வேண்டும், கொடுத்துவிடலாம் என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. தஞ்சாவூர்? டீமுக்குத் தலையாட்டி பொம்மையைச் சின்னமாக வைப்பார்கள். அவுட்டா என்று கேட்டால் எல்லாப் பக்கமும் ஆட்டும், அம்பயர் குழம்பிவிடுவார். ஓசூர்? மாட்ச் நடக்கும்போது பாதிக் கூட்டம் பெங்களூரு பெயரைச் சொல்லிக் கத்தும். கன்யாகுமரி? மூன்று பக்கமும் கடல். சிக்ஸர் அடித்தால் பந்துக்கு யார் காசு கொடுப்பது?

"பக்கத்துல பாண்டிச்சேரியப் பாருங்க மாமா" என்றான் அக்கா மகன். "போன ஜூலைல அவங்களே தனியா லீக் ஆரம்பிச்சிட்டாங்க. ஆறு டீம். ஊசுடு பேர்ல ஒண்ணு இருக்கு."

"ஊசுடா? அது ஏரிப்பா!" பி.டி. சார் துடித்துப் போனார். ஏரிக்கு டீம் இருக்கிறது. மூன்று மலையை வளைத்துக் கட்டி, மொகலாயப் படையை ஏழெட்டு வருஷம் வெளியே உட்கார வைத்த கோட்டைக்கு இல்லை! உடனே பெயர் சூட்டு விழா ஆரம்பமானது. 'தேசிங்கு டைகர்ஸ்.' 'ராஜகிரி ராயல்ஸ்.' ஜெர்ஸியில் தேசிங்கு ராஜாவின் குதிரை. கேப்டனைத் தவிர மற்றதெல்லாம் ரெடி.

"சார், நம்ம ஊர் சின்னது, ஓரமா வேற கெடக்கு, ஒத்துக்குவாங்களா?" என்று மொபைல் கடைப் பையன் இழுத்தான்.

நான் அமெரிக்காவுக்குப் போனேன். (பேச்சில்தான்.) அங்கே காலேஜ் பாஸ்கெட்பாலுக்கு அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்று ஒரு லீக் இருக்கிறது. அட்லாண்டிக் கடற்கரைக் கல்லூரிகளுக்காக 1953-ல் ஆரம்பித்தது. 2024-ல் அதில் ஸ்டான்ஃபோர்டையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்த்தார்கள். இரண்டும் பசிபிக் கடற்கரைப் பக்கம். பையன்கள் ஒரு மாட்ச் ஆட நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் பறக்கிறார்கள். டி.வி. பணம் பேசினால் கடலே இடம் மாறும். மகாராஷ்டிரக் கோட்டை லிஸ்ட்டில் செஞ்சி இருக்கலாம் என்றால், தமிழ்நாடு லீக்கில் இருக்கக் கூடாதா?

எல்லோரும் கைதட்டப் போகிற நேரத்தில் பி.டி. சார் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்பா, அந்த ரெண்டு காலேஜ்லயும் மொதல்ல ஸ்டேடியம் இருந்துச்சா, இல்ல லீக்ல சேந்தப்புறம் கட்டினானா?"

எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து பேப்பர், பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். நான் பி.காம்., ஐயா. வேறெதற்கும் அது உதவவில்லை, இதற்கு உதவியது. 2016-ல் இருந்த எட்டு ஊர்ப் பெயரில் சில இன்று இல்லை. திருவள்ளூர், தூத்துக்குடி, காரைக்குடி. திருவள்ளூர் 2018-ல் காஞ்சி ஆகி, பிறகு நெல்லை ஆனது. தூத்துக்குடி சேலம் ஆனது. காரைக்குடி திருப்பூருக்குக் குடிபோய், அங்கே திருப்பூர் தமிழன்ஸ் என்ற பெயரில் 2025-ல் கோப்பையே வாங்கிவிட்டது! காரைக்குடி வாசகர்கள் வயிறெரிய வேண்டாம்.

இந்த மூன்று ஊரிலும் ஒரு டி.என்.பி.எல். மாட்ச்கூட நடக்கவில்லை. புதிதாகப் பெயர் வாங்கிய நெல்லையைப் பாருங்கள். டீம் வருவதற்கு முன்னாலேயே, 2016-லிருந்து சங்கர் நகர் மைதானத்தில் மாட்ச் நடந்துகொண்டிருந்தது. சேலம்? வாழப்பாடிப் பக்கம் 2020 பிப்ரவரியில் கிரவுண்டு திறந்தார்கள். அதற்கப்புறம்தான் சேலம் ஸ்பார்ட்டன்ஸ். இந்தக் கணக்குக்கு மதுரை, திருச்சி, திருப்பூர் அடங்கவில்லைதான். ஆனாலும் கிரவுண்டு உள்ள ஊர் எதுவும் இதுவரை டீமை இழக்கவில்லை.

அக்கவுன்டன்ஸியில் குட்வில் என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஊர்ப் பெயர் அந்த வகை. ஏலம் எடுத்தவர் நாளைக்கு அதை மடித்து எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். பிட்ச்சை மடிக்க முடியாது.

இது எனக்கு வெறும் வாதம் இல்லை. காரணம், அக்கா மகன். பத்தொன்பது வயசு. இடது கை வேகம். எங்கள் ஸ்டேடியம் எது தெரியுமா? ஏரி. தை பிறந்து தண்ணீர் வற்றினால் சீசன் ஆரம்பம், ஐப்பசி மழையில் சமாப்தி. வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் டென்னிஸ் பந்தை அவன் யார்க்கராகப் போட்டால் பேட்ஸ்மேன் காலைத் தூக்கிக்கொண்டு நடனம் ஆடுவான். போன வருஷம் வெளியூரில் ஒரு செலக்‌ஷன். விடியற்காலை நாலு மணி பஸ்ஸில் நானும் கூடப் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக டர்ஃப் விக்கெட். கையில் புது ஸ்டிட்ச் பால். காலில் யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்பைக்ஸ், அரை சைஸ் பெரிசு. கொடுத்தது ஆறு பந்து. மூன்று வைடு. ஒன்று விக்கெட் கீப்பர் தலைக்கு மேலே. "நெக்ஸ்ட்!" என்றார்கள்.

திரும்பும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். திண்டிவனம் தாண்டி ஒரே ஒரு வார்த்தை பேசினான்: "தரை வேற மாதிரி இருந்துச்சு மாமா."

சின்னப்பம்பட்டி நடராஜன் சேலம் மாவட்டத்துக்காரர். 2016-ல் ஆடியது திண்டுக்கல் டீமுக்கு. அடுத்த வருஷமே ஐ.பி.எல்.லில் மூன்று கோடி. சொந்த ஊர்ப் பெயரில் டீம் இல்லாதது அவரைத் தடுக்கவில்லை. சம்பாதித்த பிறகு அவர் டீம் வாங்கினாரா? 2023-ல் தன் கிராமத்தில் ஒரு கிரவுண்டு திறந்தார். டென்னிஸ் பந்தில் ஆரம்பித்த மனுஷருக்குத் தெரியாதா, எது இல்லாமல் கஷ்டப்பட்டோம் என்று!

ஆகவே என் ஓட்டு: முதலில் கிரவுண்டு, பிறகு டீம். எந்த ஊர் இரண்டு வருஷம் டர்ஃப் விக்கெட் வைத்து, தண்ணீர் ஊற்றி, ரோலர் ஓட்டிக் காட்டுகிறதோ அந்த ஊருக்குக் கொடுங்கள். வேலூரோ, தஞ்சையோ, எங்கள் விழுப்புரம் மாவட்டமோ. செஞ்சி தோற்றால் தோற்கட்டும்.

மறுநாள் டீக்கடையில் மனு ஒன்று எழுதினேன். டீம் கேட்டு அல்ல. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே மேடான இடமாக ஒரு மைதானம், இரண்டு டர்ஃப் பிட்ச், நாலு வலை. டீக்கடைக்காரருக்கு 'தேசிங்கு டைகர்ஸ்' விட்டுப்போனதில் ஏக வருத்தம். அக்கா மகன் வாங்கிப் படித்துவிட்டு, "ஸ்பைக்ஸ் எழுதலியே மாமா?" என்றான்.

"அது மனுவுல வராதுடா. சைஸ் சொல்லு, நான் வாங்கித் தரேன்."

"எட்டு" என்றான். "நாப்பத்தெட்டு" என்றார் டீக்கடைக்காரர்.