காய்த்த மரமும் கல்லெறிகிறவர்களும்

ஒரு பழமொழியின் மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம். காய்த்த மரம்தான் கல்லடி படும் என்கிற பழமொழி. ஒரு நாவலின் பின்பாதி தொய்வாக இருக்கிறது என்று நான்கு பத்தி எழுதிப் பாருங்கள். மறுநாள் காலையில் அந்த எழுத்தாளரின் வாசகர் வட்டத்தில் மாமரப் படத்தோடு இது வந்து நிற்கும். மாதம் பத்து சதவீத வட்டி தருகிறேன் என்று ஊரை மொட்டையடித்த நிதி நிறுவனக்காரரும் கைதாவதற்கு முந்தைய நாள்வரை இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். போட்ட ரோடு மூன்றாம் மாதமே பெயர்ந்து போன வார்டின் கவுன்சிலரும் சொல்வார். கல் விழுகிறது, ஆகவே நான் காய்த்திருக்கிறேன். தர்க்கம் முடிந்தது. இதற்குமேல் யார் என்ன பேசிவிட முடியும்?

அட, அந்தப் பழமொழியையாவது ஒழுங்காக யோசித்தார்களா? மாமரத்தில் கல்லெறிகிற பையனுக்கு மரத்தின் மேல் என்ன பகை? அவனுக்கு மாங்காய் வேண்டும். காய் இருக்கிறது என்று நம்பித்தான் எறிகிறான். மரத்தை ஒழிக்க நினைக்கிறவன் கல்லெறிந்து மெனக்கெட மாட்டான். ராத்திரியோடு ராத்திரியாக வேரில் வெந்நீரை ஊற்றிவிட்டுப் போவான். நம் சூழலில் இந்த இரண்டு பேரையும் ‘ஹேட்டர்’ என்று ஒரே மூட்டையில் கட்டிப் போட்டாகிவிட்டது.

1930களின் நடுவில் நடந்த பாரதி சண்டையை எடுத்துக்கொள்வோம். வ.ரா. பாரதியை மகாகவி என்றார். கல்கி மறுத்தார். பாரதி நல்ல கவி, தேசத்துக்குக் கிடைத்த பெரிய கவி, ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்க முடியாது என்பது அவர் கட்சி. அதை அவர் ஏதோ மூலையில் உட்கார்ந்து முணுமுணுக்கவில்லை. அன்றைக்குத் தமிழ்நாடே படித்துக்கொண்டிருந்த ஆனந்த விகடனில் எழுதினார். மணிக்கொடிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். இன்றைக்கு என்றால் என்ன நடந்திருக்கும்? கல்கியின் பழைய பதிவுகளைத் தோண்டி ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். விகடனைப் புறக்கணிப்போம் என்று ஒரு ஹேஷ்டேக் ரெண்டு நாள் ஓடியிருக்கும். அன்று கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் உட்கார்ந்து பாரதியின் கவிதைகளை எடுத்து வைத்து வாதாடினார்கள். 1937இல் அது ‘கண்ணன் என் கவி’ என்ற புத்தகமாக வந்தது. நவீன தமிழ் விமர்சனத்தின் தொடக்க நூல்களில் ஒன்று அது. கல்கி இல்லை என்று சொல்லியிருக்காவிட்டால் அந்தப் புத்தகமும் இல்லை.

கதை அதோடு முடியவில்லை. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் கட்ட முன்னின்றவர் யார்? அதே கல்கிதான். தன் பத்திரிகை வழியாக வாசகர்களிடம் நிதி திரட்டி, 1947இல் மண்டபம் திறக்கிறவரை நின்றார். மகாகவி இல்லை என்று வாதாடியவருக்குப் பாரதி மேல் வெறுப்பு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? அவரைத் தூற்றுகிறவர் பட்டியலில் அன்றே சேர்த்துவிட்டிருந்தால் இன்றைக்கு அந்த மண்டபத்தின் முன்னால் நின்று யாரைத் திட்டுவோம்?

சரி, அப்போ ரெண்டு பேரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்பீர்கள். தொனியை வைத்துச் சொல்லவே முடியாது. “குறையைக் கொஞ்சம் நாசூக்காகச் சொல்லியிருக்கலாமே” என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஒருவரை முடித்துவிட நினைக்கிறவரின் குரல் எப்போதும் மென்மையாகத்தான் இருக்கும். “நல்ல பையன், நல்லாத்தான் எழுதிட்டிருந்தான், என்னமோ தெரியல...” அவ்வளவுதான். வேருக்கு வெந்நீர் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பேசுகிறவர் அந்தப் பொருளைத் தொட்டுப் பார்த்தாரா? புத்தகம் என்றால் படித்தாரா, கம்பெனி என்றால் கணக்கைப் புரட்டினாரா, ரோடு என்றால் அதில் ஒரு மழைநாளில் வண்டி ஓட்டினாரா? தொட்டுப் பார்த்தவர் எவ்வளவு காரமாகப் பேசினாலும் கேட்டுக்கொள்கிறேன். படிக்காமல் பாராட்டுகிறவரும் எனக்குச் சந்தேகத்துக்குரியவர்தான், அது வேறு.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. நான்கு வருஷம் அது கடைகளில் இருந்தது. வாசகர்கள் படித்தார்கள், விமர்சகர்கள் குறையும் நிறையும் எழுதினார்கள். 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் கிளம்பிய கூட்டத்தின் கைகளில் இருந்தது நாவல் இல்லை, அதிலிருந்து பிய்த்தெடுத்து ஜெராக்ஸ் போட்ட சில பக்கங்கள். ஜெராக்ஸுக்கு மேல் படிக்க அவர்களுக்கு அவசியமும் இருக்கவில்லை. 2015 ஜனவரியில் அந்த எழுத்தாளர் தான் செத்துவிட்டதாக அறிவிக்க வேண்டிவந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் நடுவில் போன அந்த ஒன்றரை வருஷத்தை எந்தக் கோர்ட் திருப்பித் தரும்? அந்த நாவல் கலையாக எவ்வளவு தேறும் என்று கேள்வி எழுப்பியவர்களில் சிலர், அந்த நாட்களில் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. தங்கள் விமர்சனத்தையும் கூட்டம் ஆயுதமாக எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம். தூற்றுகிறவன் எழுத்தாளனோடு சேர்த்து விமர்சகனையும்தான் கொல்கிறான். இதை யாரும் பேசுவதில்லை.

வியாபார உலகத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். ஜெர்மனியின் வயர்கார்ட் கம்பெனியை அந்த நாடு தலையில் வைத்துக் கொண்டாடியது. 2018இல் அது அங்கே முதல் வரிசைப் பங்குக் குறியீடான டாக்ஸில் சேர்ந்தது. இதன் கணக்கு உதைக்கிறதே என்று 2015இலிருந்தே ஃபைனான்ஷியல் டைம்ஸ் எழுதிக்கொண்டிருந்தது. கம்பெனி என்ன சொன்னது? பங்கு விலையைச் சரிக்கச் சதி, பொறாமை, அதாவது நம்ம ஊர் மாமரம்தான். வேடிக்கை என்னவென்றால் ஜெர்மன் நிதிக் கண்காணிப்பு அமைப்பும் அதை நம்பியது. 2019இல் கணக்கைத் தோண்டுவதற்குப் பதில் எழுதிய பத்திரிகையாளர்கள் மேலேயே குற்றப் புகார் கொடுத்தது. 2020 ஜூனில், வங்கியில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ அநேகமாக இல்லவே இல்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. சில நாளில் திவால். கல்லெறிந்தவனைப் பிடித்து உள்ளே போடப் பார்த்தார்கள், கடைசியில் மரமே பிளாஸ்டிக். அந்தப் பங்கை வாங்கிய சாதாரண ஜனங்களின் ஓய்வுக்காலச் சேமிப்பும் அதோடு போயிற்று.

நம் ஊரில் அரசாங்கமே இந்த வேலையைச் செய்தது. பத்திரிகைகள் மேல் வரிசையாகக் கிரிமினல் அவதூறு வழக்குகள். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அதில் ஒரு தொகுதியை ரத்து செய்தது. ஆட்சிகள் மாறினாலும் ‘அவதூறு’ என்ற சொல்லின் மேல் ஆட்சியாளர்களுக்கு இருக்கும் ஆசை மட்டும் மாறுவதில்லை.

திரும்பவும் இலக்கியத்துக்கே வருகிறேன், எனக்கு வலிக்கிற இடம் அதுதான். க.நா.சு.வை அமெரிக்கக் கைக்கூலி என்றெல்லாம் ஏசினார்கள். அது தூற்றல். அவர் பட்டியல் போடுகிறார், காரணம் சொல்லவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். அது விமர்சனம், அதில் நியாயமும் இருந்தது. படைப்பை அலசிக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த சி.சு.செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். விமர்சனம் என்ற ஒன்று தமிழில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷர் பட்ட பாடு அது.

நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? வெளியீட்டு விழாவில் ஐந்து பேர் பொன்னாடை போர்த்துகிறார்கள். அதில் மூன்று பேர் காரில் வரும்போது பின்னட்டையைப் படித்தவர்கள். “சும்மா நாலு வரி போடுங்க தோழர்” என்று வாட்ஸப்பில் வேண்டுகோள் வருகிறது. ஒருமுறை ஒரு நாவலுக்கு, நன்றாக இருந்த அத்தியாயங்களையும் சொல்லிவிட்டு, வட்டாரப் பேச்சு எங்கெல்லாம் பொய்யாக ஒலிக்கிறது என்று பக்க எண்ணோடு எழுதினேன். ஒரு பக்கத்தையாவது எடுத்துவைத்து நீ சொல்வது தப்பு என்று யாராவது காட்டுவார்கள் என்று காத்திருந்தேன். வந்த பின்னூட்டங்கள் என் சாதி என்ன, என் முதல் தொகுப்பு எத்தனை பிரதி விற்றது, அந்த ஆசிரியருக்குக் கிடைத்த விருதுக்கு நானும் விண்ணப்பித்தேனா என்று ஆராய்ந்தன. ஆசிரியர் எல்லாவற்றுக்கும் இதயம் போட்டிருந்தார்.

இதில் நஷ்டம் எனக்கில்லை. இருபத்து மூன்று வயதில் முதல் கதையை எழுதி முடித்திருக்கும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோதான். அவர்களுக்கு முந்நூறு இதயங்கள் கிடைக்கும். “மூன்றாவது பக்கத்தில் அந்த அம்மா அழும் இடம் பொய், அங்கே அவள் அழ மாட்டாள்” என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்காது. அப்படிச் சொல்லக்கூடிய ஆட்கள் நம்மிடையே இப்போதும் இருக்கிறார்கள். எனக்கே ஒரு பத்துப் பேரைத் தெரியும். அவர்கள் இப்போதெல்லாம் டீக்கடையில் மட்டும்தான் பேசுகிறார்கள், அதுவும் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு.