வெயில் ஆகாதாம், வெளிச்சமுமா ஆகாது?

ஆப்பிரிக்கன் வயலட் பூக்கவில்லை என்றால் உரம் போடு, தண்ணீரைக் கூட்டு என்பவர்களை நம்பாதீர்கள். நம்பி இரண்டு செடிகளைக் கொன்றவன் நான்.

முதல் செடியை ஊட்டியில் பூவோடு வாங்கினோம். "வீட்டுக்குள்ள வைக்கிற செடி சார், வெயில் ஆகாது" என்றார் விற்றவர். பாண்டிச்சேரிக்குக் கொண்டுவந்து கூடத்து மூலையில் வைத்தேன். இருந்த பூக்கள் உதிர்ந்தன. அப்புறம் ஒன்றரை வருடம் வெறும் இலைதான். மூட்டு வலியால் என் மனைவிக்கு மாடித் தோட்டம் ஏற முடியாது. அவள் தினமும் பார்க்கும் ஒரே செடி அது. காலையில் இலையைத் தூக்கி மொட்டு இருக்கிறதா என்று பார்ப்பாள். கேட்டவர்கள் யூரியா என்றார்கள், போட்டேன். இலை இன்னும் பெருத்தது. தண்ணீரைக் கூட்டினேன், நடுக்குருத்து அழுகியது. இரண்டாவது செடிக்கும் அதே கதி.

இதை வயலட் என்பதே தப்பு. பிரெஞ்சில் சேன்போலியா என்போம். 1892-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் உசம்பாரா மலையில் இதைக் கண்டெடுத்த ஜெர்மன் அதிகாரியின் பெயர் அது. இன்று அந்த மலை தான்சானியாவில் இருக்கிறது. பூமத்தியரேகைக்குப் பக்கத்து மர நிழலும் நம் கூடத்து மூலையும் ஒன்றா? அந்த நிழலில் வெளிச்சம் உண்டு. நம் மூலையில் காம்பு நீண்டு இலை எம்புவதைச் செழிப்பு என்று நினைத்து ஏமாறுகிறோம். உண்மையில் அது வெளிச்சத்துக்கு ஏங்குகிறது.

மூன்றாவது செடியை 4 அங்குலத் தொட்டியில் கிழக்கு ஜன்னலோரம் வைத்தேன். மழை மூட்டத்திலும் குறையக்கூடாதென்று 10 அங்குலம் மேலே ஒரு எல்.இ.டி. குழல்விளக்கு. காலை 6 முதல் மாலை 6 வரை எரியும். இரவில் கட்டாயம் இருட்டு. மேல்மண் காய்ந்தால் மட்டும் தட்டில் தண்ணீர் வைத்து, அரைமணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். யூரியா பக்கமே போவதில்லை.

கார்த்திகையில் மொட்டு வந்தது. மனைவிதான் முதலில் பார்த்தாள். "நம்ம ஊருக்கு வராது சார்" என்றவர்கள் வந்து பார்க்கலாம். ஆனால் மே மாதத்தில் வராதீர்கள், அப்போது எனக்கும் பூப்பதில்லை.

கரண்டு பில் ஏறும் என்று மகன் முணுமுணுத்தான். 20 வாட், 12 மணி நேரம், 30 நாள்: 7.2 யூனிட். தாளில் போட்டு அவனிடமே கொடுத்துவிட்டேன்.