உடுக்கைக்கு வெற்றிலை பாக்கு வையுங்கள்!

மணப்பாறை என்றால் முறுக்கு. மணப்பாறை என்றால் மாட்டுச் சந்தை. பஸ்சில் போகிறவர்கூட ஜன்னல் வழியே கை நீட்டி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் போவார்.

அந்த முறுக்குக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் மணப்பாறைச் சீமைக்கு இன்னொரு சொத்தும் உண்டு. அதைப் பொட்டலம் கட்ட முடியாது. அது உடுக்கைப் பாட்டு!

வீரப்பூர் கதை

மணப்பாறை வட்டத்தில் இருக்கிறது வீரப்பூர். பொன்னர்-சங்கர் கதையோடு பின்னிப் பிணைந்த ஊர். அங்கே பெரியகாண்டியம்மன் கோவிலில் மாசி மாதம் திருவிழா. வேடபரி பார்க்கக் கூட்டம் அலைமோதும். அண்ணன்மார் இருவர் கதையும், தங்கை அருக்காணி அழுத கதையும் தெரியாத வீடு அந்தப் பக்கத்தில் அபூர்வம்.

இந்தக் கதையை ஜனங்கள் மனதில் ஏற்றியது யார்? உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடியவர்கள்தான். கருணாநிதி இதை "பொன்னர் சங்கர்" என்று நாவலாக எழுதினார். 2011-ம் ஆண்டு அது சினிமாவாகவும் வந்தது. பாட்டு முந்தியது. புத்தகமும் படமும் பிந்தியவை.

1965-ம் ஆண்டு பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டுப் பெண்மணி காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை டேப்பில் பதிவு செய்தார். பாடகர் பல இரவுகள் பாடினார். அந்த அம்மாள் விடாமல் பதிந்தார். பிறகு அது தமிழிலும் ஆங்கிலத்திலும் புத்தகமானது. 26 பகுதி கார்ட்டூன் படமும் ஆனது.

கடல் தாண்டி வந்தவருக்குத் தெரிந்த அருமை, கோவில் வாசலில் குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

குழாயில் பாட்டு, வீட்டில் பாடகர்

இன்று திருவிழா என்றால் முதலில் வருவது ரேடியோ செட். முன்பு இசைத்தட்டு. அப்புறம் கேசட். இப்போது பென் டிரைவ். உடுக்கைக்காரர் பாடிய பாட்டு குழாயில் அலறுகிறது. பாடிய மனிதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்!

"அதான் பாட்டு போட்டாச்சே, அப்புறம் ஆள் எதுக்கு?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆள் எதற்கு? சொல்லலாம். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அமுக்கினால் ஒலி ஏறும். விட்டால் இறங்கும். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதை எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பாடகர் முடிவு செய்கிறார். கூட்டம் கொட்டாவி விட்டால் நடுவில் ஒரு சிரிப்புக் கதை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தால் அந்த இடத்தை இன்னும் நீட்டுவார். பின்பாட்டுக்காரர் "ஆமா, ஆமா" போடுவார். பென் டிரைவுக்கு முகம் பார்க்கத் தெரியுமா?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. இந்த வித்தைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பையன் பின்பாட்டுக்கு நின்று, வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டுத்தான் கதை நெஞ்சில் ஏறும். கூப்பிட ஆள் இல்லை என்றால் பையன் ஏன் நிற்பான்? வேறு வேலைக்குப் போய்விடுவான். ஒரு தலைமுறை விட்டுப்போனால் அப்புறம் சங்கிலி அறுந்ததுதான்.

நையாண்டி மேளத்துக்கும் தப்பாட்டத்துக்கும் இதே கதிதான். இவர்கள் வருமானம் எல்லாம் திருவிழா மாதங்களில்தான். 2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை இரண்டும் போச்சு. 2021-லும் திருவிழாக்களுக்குத் தடை. அடுத்தடுத்து இரண்டு சீசன் அடுப்பு எரியாத வீட்டில் கலையை யார் கற்பார்?

பட்டம் உண்டு, படி உண்டா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007-ம் ஆண்டு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம் இடையில் நின்று, 2023 பொங்கலுக்கு மறுபடியும் நடந்தது. சாவு வீட்டுக் கருவி என்று ஒதுக்கப்பட்ட பறையை அடித்த வேலு ஆசானுக்கு 2025-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நல்ல காரியங்கள்.

ஆனால் பொங்கலுக்குச் சென்னையில் சில நாள் மேடை. மீதி நாளைக்கு? அந்தச் சோற்றைப் போடுவது டெல்லியும் அல்ல, கோட்டையும் அல்ல. ஊர்க் கமிட்டி தட்டில் வைக்கும் வெற்றிலை பாக்கும் அட்வான்சும்தான்!

10 மணிக்கு என்ன தடை?

"ராத்திரி 10 மணிக்கு மேல் போலீஸ் விடாது" என்று சாக்குச் சொல்வார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு வந்த விதி. நோயாளியும் படிக்கிற பிள்ளையும் தூங்க வேண்டாமா? விதி நியாயமானதே.

அதற்காகப் பாட்டையே நிறுத்துவானேன்? மாலை 6 மணிக்கு ஆரம்பித்தால் 10 மணிக்குள் முழுசாக 4 மணி நேரம். அண்ணன்மார் கதை ஒரே ராத்திரியில் முடிகிற கதையா? பல இரவு பாடுகிற கதைதானே! நாளுக்கு ஒரு பகுதியாகப் பாடட்டும். "மிச்சம் நாளைக்கு" என்றால் மறுநாளும் கூட்டம் வரும். அடுத்த சந்துக்குக் கேட்க ஆளுயரக் குழாய் தேவையில்லை. பந்தலுக்குள் கேட்டால் போதும்.

மணப்பாறை வட்டாரத்தில் ஒவ்வொரு திருவிழாக் கமிட்டியும் ஒரு மாலை நேரத்தை உடுக்கைக்கு ஒதுக்க வேண்டும். ஆர்கெஸ்ட்ராவும் இருக்கட்டும், சீரியல் செட்டும் எரியட்டும். நோட்டீசில் ஆர்கெஸ்ட்ரா பெயர் போடும் அளவு எழுத்திலேயே உடுக்கைக்காரர் பெயரும் வரட்டும். பேசிய பணத்தை மேடையை விட்டு இறங்கும்போதே கொடுக்கட்டும். கடைசிப் பந்தியில் உட்கார வைக்க வேண்டாம்.

கடைக்காரர்களே! நன்கொடை நோட்டு உங்கள் கல்லாவைத் தேடித்தான் வரும். ரசீது கிழிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருஷம் எந்த ஊரு உடுக்கைக்காரரு வர்றாரு?"

பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்!