வலை படையெடுப்பாகுமா?

தற்காப்பு! ஆதிக்கக்காரர் அகராதியில் இதனினும் இனிய சொல் வேறில்லை. அயலான் மண்ணில் அடிவைக்கும்போதும் தற்காப்பு. ஆயுதமற்றவனை நோக்கித் துப்பாக்கி நீட்டும்போதும் தற்காப்பு! பழவேற்காட்டுக்கு வாணிபம் செய்ய வந்த டச்சுக்காரர் 1613-ல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிப் பீரங்கி வைத்ததும் அப்பெயரால்தான். ஏனென்று கேட்க அன்று உலக மன்றம் ஏதுமில்லை. இன்று உண்டு, சட்டமும் உண்டு. காட்டூர் இளைஞர்கள் அதனைக் கற்றாக வேண்டும் என்கிறோம். கடலிலே குண்டுக்கு எதிரே நிற்பவர் மீனவரன்றோ!

1945-ல் உருவான ஐக்கிய நாடுகள் சாசனம், நாட்டின்மீது நாடு படைவலிமை காட்டுவதைத் தடுத்தது. விலக்குகள் இரண்டே: பாதுகாப்புச் சபையின் ஒப்புதல் ஒன்று, ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால் தற்காத்துக்கொள்ளலாம் எனும் 51-ஆம் பிரிவு மற்றொன்று. அப்போதும் வேறு வழி இருத்தலாகாது. தாக்குதலை விரட்டத் தேவையான அளவை மீறலாகாது. சபைக்கு உடனே அறிவித்தாக வேண்டும். சாதாரண எல்லை மோதல்கூட ஆயுதத் தாக்குதல் ஆகாது என்று 1986-ல் நிகரகுவா வழக்கிலே பன்னாட்டு நீதிமன்றம் கூறிற்று. மோதலே ஆகாதெனில், எல்லை தாண்டிய வலை ஆகுமா?

2017 மார்ச்சில் கச்சத்தீவு அருகே இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் குண்டுக்கு இரையானார். நாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. சுட்டவர் எவராயினும், தற்காப்பென்று சாற்ற இடமில்லை. எல்லை மீறல் காவல் நடவடிக்கைக்குரிய குற்றம், போரன்று. கினி நாட்டுக் காவற்படகு 'சைகா' எனும் எண்ணெய்க் கப்பலைச் சுட்ட வழக்கில், 1999-ல் பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயம் முறையை வகுத்துரைத்தது: முதலில் நிற்குமாறு அடையாளம்; பிறகு கப்பலுக்கு முன்னே எச்சரிக்கைச் சூடு; வேறு வழியே இல்லாதபோதுதான் வலிமை; அப்போதும் உயிருக்கு ஊறு நேராதிருக்க முயற்சி!

இனி நம் பக்கம். "படை அனுப்பிக் கச்சத்தீவை மீட்போம்" என முழங்குவோரும் உளர். 1974-ல் இரு அரசுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையைக் குறைகூறுவோம், மன்றத்தில் வாதாடுவோம், ஆனால் அது ஆயுதத் தாக்குதலா? அன்று! அவர் துப்பாக்கிக்கு ஒரு சட்டம், நம் பீரங்கிக்கு வேறொரு சட்டமா? நம் விசைப்படகுகள் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரின் வலைகளை அறுக்கையில், இழப்பு அங்கும் ஏழைக்கே!

பழவேற்காடு ஏரியிலே பாடு முறை உண்டு. எவர், எந்நாள், எவ்விடத்தில் வலையிடுவது என முறைவைத்துக்கொண்டனர் உழைப்பாளர். குலப்பாகுபாடெனும் கறை அதில் உண்டு; களைந்தாக வேண்டும். எனினும் நீரைப் பகிர ஒழுங்கு போதும், இரத்தம் வேண்டாம் எனும் உண்மை அதில் ஒளிர்கிறது. ஏரிக்கரையோர் அறிந்ததைத் தலைநகரங்கள் அறியலாகாதா?

தோழர்களே! தற்காப்பு என்று எவர் கூவினும் மூன்றே கேள்வி கேளுங்கள்: தாக்கியது யார்? வேறு வழி இருந்ததா? அளவு மீறிற்றா? விடை சொல்ல இயலாத துப்பாக்கி குற்றவாளியின் துப்பாக்கியே, அதன்மீது எந்நாட்டுக் கொடி பறந்தாலும்!